மாடித் தோட்டத்தில் வௌவால் எரு: சில பருவங்களின் அனுபவம்

சென்னையில் மொட்டை மாடியில் தென்னை நார்க் கழிவும் செம்மண்ணும் நிரப்பிய பைகளில் காய்கறி வளர்ப்போருக்கு மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் பழகிப்போனவை. வௌவால் எருவைப் பற்றித்தான் அச்சமும் மிகைப்புகழும் ஒருசேர உலவுகின்றன. கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை என்று பலவற்றுக்கும் அதைப் பல பருவங்களாக இட்டுப் பார்த்ததில், எந்த வகை எருவை எப்போது இடுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பூச்சி தின்னும் வௌவால்களின் புதிய எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. குகைகளில் நெடுங்காலம் படிந்து, தழைச்சத்து கரைந்தும் ஆவியாகியும் போன பழைய எருவில் மணிச்சத்தே (பாஸ்பரஸ்) மேலோங்கி நிற்கும். பொட்டலத்தின் மேல் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காட்டை இதே வரிசையில் 10-3-1 என்று அச்சிட்டிருந்தால் முதல் வகை, 3-10-1 என்றிருந்தால் இரண்டாம் வகை. முன்னதைப் பிரித்தவுடன் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். கையுறையோடு ஒரு சிட்டிகை எடுத்து வெயிலில் தேய்த்துப் பார்த்தால், வண்டுகளின் ஓட்டுத் துணுக்குகள் கரும்பழுப்புத் தூளுக்கிடையே மினுங்கும். பின்னதில் நெடி அநேகமாக இராது. சாம்பல் சத்து (பொட்டாசியம்) இரண்டிலுமே குறைவு என்பதால், காய்க்கும் செடிகளுக்கு மரச்சாம்பலையும் சிறிதளவு சேர்த்துக்கொள்கிறேன்.

நாற்று வேர் பிடித்ததும் தழைச்சத்து வகையைப் பைக்கு ஒரு தேக்கரண்டி இடுகிறேன். அளவு கூடினால் கத்தரி இலையாகவே தழைத்து, இளந்தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து அப்பிக்கொள்ளும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. ஆகையால் மணிச்சத்து வகையை மேலே தூவிப் பயனில்லை, நடும்போதே வேர்ப் பகுதியில் கலந்துவிட வேண்டும். அப்படிக் கலந்த பைகளில் மிளகாய் நன்றாகவே காய்த்தது. கீரைக்கோ, மண்புழு உரமே போதுமானதாக இருக்க, இந்த விலைக்கு இதை வாங்கி இடுவது வீண் செலவு. பூ உதிராது என்று விற்பவர்கள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில், இரவிலும் புழுக்கம் தணியாதபோது, எந்த உரம் இட்டாலும் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் தழைச்சத்து நீரோடு வடிந்துவிடும் என்பதால், அப்போது நிறுத்திவிடுகிறேன்.

பாழடைந்த மண்டபங்களில் குவிந்து கிடப்பதைக் கூட்டி அள்ளி வருவதை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கக்கூடும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைத் தாக்கும். மேலும், அடைந்திருக்கும் வௌவால்களைக் கலைத்தால் குட்டிகள் தாயிடமிருந்து கீழே விழுந்து மடிவதும் உண்டு. பொட்டலத்தில் வாங்கியதையும் நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு, முகக்கவசம் அணிந்து, காற்றடிக்காத வேளையிலேயே கலக்கிறேன். கடற்காற்றின் ஈரத்தில் விரைவாகக் கட்டி பிடிப்பதால், ஒரு பருவத்துக்குப் போதுமான சிறு பொட்டலங்களாக வாங்குவதே வசதி.