கார் விற்ற பணத்தை எதில் வாங்குவது: ரொக்கமா, செக்கா, டிடியா, பரிமாற்றமா?

போன மாதம் என் பழைய காரைத் தரகர் யாரும் இல்லாமல் நானே விற்றேன். விலை பேசுவதுதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பணத்தை எப்படிக் கைக்கு வாங்குவது என்பதில்தான் மூன்று வாரம் போனது. ஒருவர் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், இன்னொருவர் பேசிய விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் தருகிறேன் என்றார், மூன்றாவதாக வந்தவர்தான் நிஜமாக வாங்கியவர். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குபவரும் நானும் வங்கிக் கிளைக்கே போய், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம். மற்ற வழிகளெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எல்லா வழிகளையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்து அளந்தேன். வந்த பணத்தை அப்புறம் யாராவது திரும்ப எடுக்க முடியுமா? சாவியைக் கொடுத்து, பெயர் மாற்றக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் கார் எங்கே நிற்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது. அப்படியானால் பணமும் வந்தால் வந்ததுதான் என்று இருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்: கார் இன்றைக்கே போய்விடுகிறது, பணம் வந்த மாதிரி இருக்கிறது, வரவில்லை என்பது நாலு நாள் கழித்துத் தெரிகிறது.

இந்த அளவுகோலில் முதலில் கழன்றுவிடுவது கார்டும், இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபாலும். கார்டில் கட்டியவர், இதை நான் கட்டவே இல்லை என்றோ பொருள் சொன்னபடி இல்லை என்றோ தன் வங்கியிடம் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. பேபாலில் தகராறு எழுப்ப 180 நாள், போதாக்குறைக்கு அதன் விற்பனையாளர் பாதுகாப்பில் வாகனங்கள் சேர்த்தியே இல்லை. நாலு மாதம், ஆறு மாதம் கழித்தும் பணம் திரும்பிப் போகலாம் என்றால் அந்த வழியில் கார் விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது செக். இதில் ஏமாறுகிறவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், செக் எப்படி நகர்கிறது என்பது யாரும் நமக்குச் சொல்லித்தராத விஷயம். நாம் செக்கைப் போட்டதும் நம் வங்கி தொகையை நம் கணக்கில் வரவு காட்டிவிடலாம், பல இடங்களில் எடுக்கக்கூட விடும். ஆனால் அது நம் வங்கி நம்மை நம்பிக் கொடுத்த கடன் மாதிரிதான். எழுதியவரின் வங்கி அந்தச் செக்கை ஏற்று உண்மையில் பணத்தைக் கொடுத்த பிறகே அது நம்முடையது. கணக்கில் காசு இல்லை, கணக்கையே மூடியாயிற்று, செக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார், கையெழுத்து பொருந்தவில்லை, செக்கே போலி, இதில் எது நடந்தாலும் செக் திரும்பும், காட்டிய வரவையும் வங்கி நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். நடுவில் நாம் செலவழித்திருந்தால் அதுவும் நம் தலையில்தான்.

எனக்கு வந்த இரண்டாவது ஆள் இதைத்தான் நம்பி வந்தார். தான் வெளியூரில் இருப்பதாகவும், வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரிக்காரரை ஏற்பாடு செய்திருப்பதாகவும், வண்டி விலையோடு லாரி வாடகையையும் சேர்த்து ஒரே செக்காகத் தருவதாகவும் சொன்னார். நான் செய்ய வேண்டியதெல்லாம், செக் கணக்கில் ஏறியதும் லாரிக்காரருக்கு உரிய பங்கை அனுப்பிவிடுவதுதானாம். காரைப் பார்க்கவே வராத ஆள், விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, லாரிக்காரருக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று மட்டும் மூன்று முறை கேட்டார். இந்தத் தந்திரத்தில் அவர்களுக்குக் கார் வேண்டியதே இல்லை. திருப்பி அனுப்பும் அந்த மிச்சத் தொகைதான் குறி. செக் பிறகு திரும்பும், நாம் அனுப்பியது மட்டும் நம் சொந்தப் பணமாகப் போயிருக்கும். விலையைவிட ஒரு காசு அதிகமாகத் தருகிறேன், மிச்சத்தை அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டிடி, அதாவது வங்கியே எழுதிக் கொடுக்கும் வரைவோலை, செக்கைவிட ஒரு படி மேல். பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டுதான் வங்கி அதை எழுதும் என்பதால், உண்மையான டிடி காசில்லாமல் திரும்பாது. சிக்கல் அந்த ‘உண்மையான’ என்ற சொல்லில் இருக்கிறது. போலி டிடி அச்சடிப்பது நடக்கிறது, பார்த்தவுடன் கண்டுபிடிப்பது நம்மைப் போன்றவர்களால் முடியாது. கிளைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்பார்கள், ஆனால் டிடியிலேயே அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அடித்தால் போலியைத் தயாரித்தவரே எடுத்துப் பேச வாய்ப்பு உண்டு. எண்ணை நாமே வேறு வழியில் தேடி எடுத்து அடிக்க வேண்டும். இதைவிட நல்லது, வாங்குபவரோடு கிளைக்கே போய், கவுண்டரில் டிடி எழுதித் தருவதைக் கண்ணால் பார்த்து வாங்குவது. அவ்வளவு தூரம் போன பிறகு நேரடிப் பரிமாற்றமே செய்துவிடலாமே என்பது என் எண்ணம்.

ரொக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பிப் போகாது என்ற ஒரு விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கள்ள நோட்டு, எண்ணும்போது நடுவில் உருவிக்கொள்வது, அவ்வளவு பணத்தோடு வீடு திரும்பும் பயம், இதெல்லாம் கூடவே வரும். சட்டமும் குறுக்கே நிற்கும்: இந்தியாவில் 2017 முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 முதல் வியாபாரப் பரிவர்த்தனைகளுக்கு 10,000 யூரோ உச்சவரம்பு வருகிறது. விலை குறைந்த வண்டி என்றால் ரொக்கம் சரி, ஆனால் வங்கிக்குள்ளேயே வாங்கி, அங்கேயே எண்ணும் இயந்திரத்தில் ஓடவிட்டு, அங்கேயே கணக்கில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போது பரிமாற்றம். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, எனக்கு முதல் அடி விழ இருந்ததே இதில்தான். முதல் ஆள் இரவு ஒன்பதரைக்குப் போன் செய்து, சார் பணம் போட்டுட்டேன், என் தம்பி வாசலுக்கு வர்றான், சாவியைக் கொடுத்துடுங்க என்றார். பச்சை நிற டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட் வந்தது, ஒரு நிமிடத்தில் குறுஞ்செய்தியும் வந்தது. வங்கி அனுப்புவது போலவே வாசகம், என் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம்கூடச் சரியாக இருந்தது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, கணக்கு எண்ணை அன்று மத்தியானம் அவருக்குக் கொடுத்ததே நான்தான். செய்தி வந்தது ஒரு சாதாரண செல்பேசி எண்ணிலிருந்து. வங்கி அனுப்பும் செய்தியில் எப்போதும் இருக்கும் மீதி இருப்புத் தொகை இதில் இல்லை. செயலியைத் திறந்து பார்த்தேன், ஒரு பைசா வரவில்லை. சர்வர் ஸ்லோ சார், காலையில் ஏறிடும் என்றார். சரி, காலையில் ஏறட்டும், சாவியும் காலையில் என்றேன். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அனுப்புபவரின் பெயரில் வங்கியின் பெயரையே போட்டும் குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்பதுதான். அதனால் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட், அவருடைய போனில் அவர் காட்டும் திரை, எதுவுமே சாட்சி ஆகாது. அவர் போனில் தெரிவது நாளைக்குத் தேதி போட்டு வைத்த பரிமாற்றமாக இருக்கலாம், நீங்கள் நகர்ந்ததும் ரத்து செய்துவிடலாம். உங்கள் செயலியில், உங்கள் கையால் உள்ளே நுழைந்து பார்ப்பது ஒன்றுதான் கணக்கு. அதிலும் பல வங்கிகள் இரண்டு இருப்பைக் காட்டும், மொத்த இருப்பு ஒன்று, எடுக்கக்கூடிய இருப்பு ஒன்று. இரண்டாவதில் தொகை ஏறியிருக்க வேண்டும். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு உங்கள் பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின்னைப் போடுங்கள், பணம் வந்துவிடும் என்று சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது ஆளிடம் நானே கேட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க, வங்கியிலேயே வச்சு முடிச்சுக்கலாமா என்று. எனக்கும் அதுதாங்க நிம்மதி என்றார் உடனே. முதல் நாளே அவர் என் கணக்கைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார், ஏனென்றால் புதிதாகச் சேர்த்த கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் சில மணி நேரமாவது காத்திருக்க வைக்கும். காலையில் கிளையில் உட்கார்ந்து முதலில் ஒரு சின்னத் தொகையை அனுப்பச் சொன்னேன். என் பெயர் சரியாக வந்தது, எனக்கும் அவர் பெயரிலேயே வரவு வந்தது. அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டேன். முழுத் தொகையும் செயலியின் நாள் வரம்பைத் தாண்டியதால் கவுண்டரில் படிவம் எழுத வேண்டியதாயிற்று. என் செயலியில் எடுக்கக்கூடிய இருப்பு மாறிய பிறகு, அலுவலரிடம் போய், இதில் ஏதாவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மொத்தம் முக்கால் மணி நேரம்.

பெயர் பொருந்துவதை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறொருவரின் களவு போன கணக்கிலிருந்து உங்களுக்குப் பணம் வந்தால், அவர் புகார் கொடுத்ததும் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். இன்னொரு ஏமாற்றில் நடுவில் ஒருவன் நிற்பான். உங்களிடம், என் மச்சான் வண்டி பார்க்க வருவார், அவரிடம் விலை பேசாதீர்கள் என்பான். வருகிறவரிடம், வண்டி என்னுடையதுதான், அங்கே நிற்பவர் என் சொந்தக்காரர், பணத்தை என் கணக்கில் போடுங்கள் என்பான். வாங்குபவர் நேர்மையாகப் பணம் கட்டிவிட்டுச் சாவி கேட்பார், உங்களுக்கோ ஒன்றுமே வந்திருக்காது. நேரில் வந்தவரிடம் விலையையும், யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குப் பணம் போகிறது என்பதையும் வாய்விட்டுப் பேசினாலே இது உடைந்துவிடும்.

எஸ்க்ரோ என்று ஒன்று உண்டு, மூன்றாவது ஒரு நிறுவனம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி கை மாறிய பிறகு விடுவிக்கும். தூரத்தில் இருப்பவருக்கு விற்கிறீர்கள் என்றால் இதை யோசிக்கலாம். நான் பயன்படுத்தியதில்லை, அதனால் இதில் என் சிபாரிசுக்குப் பெரிய எடை கிடையாது. ஆனால் 1999 முதல் இருக்கும் எஸ்க்ரோ.காம் போன்ற தளங்களைப் பார்த்து அப்படியே செய்த போலித் தளங்கள் நிறைய உண்டு. வாங்குபவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

நேரம் விஷயத்திலும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். வங்கி மூடிய பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பண்டிகைக்கு முந்தைய நாள் என்று அவசரப்படுத்துகிறவர்கள் அதிகம், சந்தேகம் வந்தால் கேட்க வங்கியில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதுதான் அவர்களுக்கு வசதி. நான் வேலை நாளில் காலை பத்தரைக்கு என்று சொல்லிவிட்டேன். ஸ்பேர் சாவியும் காகிதங்களும் பணம் ஏறும் வரை என் பையிலேயே இருந்தன, ஓட்டிப் பார்க்கும்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்கு அன்றே தெரிவித்தேன். அவருடைய அடையாள அட்டையின் நகல், நாங்கள் பேசிக்கொண்ட செய்திகள், கவுண்டர் ரசீது மூன்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கணக்கை யாராவது முடக்கினால் வங்கியில் முதலில் நீட்டப்போவது அந்த உறையைத்தான்.