மெய்யழகனா, லப்பர் பந்தா?

2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த படங்கள் இவை. இரண்டிலுமே வில்லன் என்று தனியாக யாரும் இல்லை. இரண்டிலும் இரண்டு ஆண்கள்தான் மையம்.

பிரேம்குமாரின் மெய்யழகனில், வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, பல வருடம் கழித்து நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் ராத்திரி முழுக்க நீளும் பேச்சு. நீளம் என்று புகார் எழுந்து, வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டாமலே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

தமிழரசன் பச்சமுத்துவின் லப்பர் பந்து வேறு ரகம். தினேஷும் ஹரிஷ் கல்யாணும் ஊர் கிரிக்கெட்டில் முட்டிக்கொள்கிறார்கள். ஹரிஷ் காதலிப்பதோ தினேஷின் மகளை. திறமை இருந்தும் சாதியால் அணியில் இடம் கிடைக்காத விஷயத்தைப் பிரசங்கம் இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார் இயக்குநர். தினேஷுக்கு வரும் விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டரே ஆடியது. படத்தைத் தூக்கிக்கொண்டு போவதோ தினேஷின் மனைவியாக வரும் ஸ்வாசிகா. கணவர் மேல் உள்ள கோபத்தில் டிராக்டரை மைதானத்துக்குள் விடுகிற பெண்! மெய்யழகனில் பெண்களுக்கு அந்த அளவு இடமில்லை.

நாலு பேராக உட்கார்ந்து பார்க்க லப்பர் பந்து. மெய்யழகனைத் தனியாகப் பாருங்கள், போனை எட்டத்தில் வைத்துவிட்டு. எனக்கு ஒன்றுதான் என்றால், கொஞ்ச வித்தியாசத்தில் லப்பர் பந்து.