ஹேப்பி மீல் பத்தாத வயதில் எதை வாங்குவது?

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு, பிள்ளையின் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் ஒரு கட்டம் வரும். மெக்டொனால்ட்ஸில் குழந்தைகளுக்கென்று பொம்மையுடன் விற்கிற ஹேப்பி மீல் பெட்டியில் நான்கு நக்கெட்ஸும் (பொரித்த கோழித் துண்டுகள்) ஒரு கைப்பிடி ஃப்ரைஸும் போன இடம் தெரியாது. பெட்டியில் வந்த பொம்மையைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டு, அவளுடைய ஃப்ரைஸையே பார்த்துக்கொண்டிருப்பான். பையன் வளர்ந்துவிட்டான் என்று அடுத்த முறை ஃப்ரைஸும் பானமும் சேர்ந்து வருகிற, பெரியவர்களுக்கான காம்போவை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு டிரைவ்-த்ரூ வரிசையில், பின்னால் நிற்கிற கார் ஹார்ன் அடிப்பதற்குள் அவசரமாக எடுக்கப்படுகிறது. கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் அதைவிட நல்ல வழிகள் நான்கைந்து இருக்கின்றன.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்த்துவிடலாம். அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டிக் கணக்குப்படி, ஓரளவு ஓடி விளையாடுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, ஒரு நாளைக்கு 1,800 கலோரி. பன்னிரண்டு வயதில் பையனுக்கு 2,200, பெண்ணுக்கு 2,000. மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளி விட்டு வந்ததும் ஏதாவது கொறிப்பது என்று பிரித்தால் ஒரு வேளைக்கு 500 முதல் 650 வரை வரும். கடைகளில் கலோரி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 20 கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கிற உணவகங்கள் மெனு பலகையிலேயே அதைக் காட்ட வேண்டும் என்ற விதி 2018 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. கீழே நான் சொல்லும் எண்களும் அப்படிக் கடைகளே சொல்கிறவைதான். பத்து இருபது கூடக் குறைய இருக்கலாம்.

மெக்டொனால்ட்ஸையே எடுத்துக்கொள்கிறேன், நெடுஞ்சாலையில் எந்த எக்ஸிட்டில் இறங்கினாலும் கண்ணில் படுகிற கடை என்பதால். ஹேப்பி மீல் அமெரிக்கா முழுக்க வந்தது 1979-இல். இந்த இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் நழுவிப் போவது அவர்களுக்கும் தெரிந்துதான் 2001-இல் ‘மைட்டி கிட்ஸ் மீல்’ என்று கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர் இப்போது இல்லை. ஆனால் அதன் மிச்சமாக ஆறு நக்கெட்ஸ் வைத்த ஹேப்பி மீல் இன்னும் கிடைக்கிறது. நான்கு பத்தவில்லை என்று பிள்ளை சொன்னதுமே காம்போவுக்குத் தாவுகிற பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அதன் கணக்கு: ஆறு நக்கெட்ஸ் 250, சிறுவர் அளவு ஃப்ரைஸ் 110, ஆப்பிள் துண்டுகள் 15, கொழுப்பு குறைந்த பால் 100. மொத்தம் 475.

இப்போது காம்போ: பத்து நக்கெட்ஸ் 410, மீடியம் ஃப்ரைஸ் 320, மீடியம் கோக் சுமார் 210. மொத்தம் 940. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இரட்டிப்பானது எது என்று கவனியுங்கள். பையனுக்குப் பசி, கோழி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றான். கோழியில் கூடியது 160 கலோரிதான். மீதி 305 கலோரி அவன் கேட்காமலே வந்தது: ஃப்ரைஸ் மூன்று மடங்கு ஆயிற்று, பால் இருந்த இடத்தில் சோடா வந்து உட்கார்ந்தது. பிள்ளை வளர்ந்தான் என்றால் தட்டின் நடுவில் இருக்கிற பொருள் வளர வேண்டும். காம்போவில் வளர்வது ஓரத்தில் இருக்கிறவை. எனக்குக் காம்போ மேல் இருக்கிற முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை பானம். குழந்தைகளுக்கான மெனுவைச் சுற்றி இந்த நாட்டில் ஒரு சின்ன வேலி இருக்கிறது. 2013-இல் மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீல் பலகையிலிருந்து சோடாவை எடுப்பதாக அறிவித்தது. கலிபோர்னியாவில் 2019 ஜனவரி 1 முதல், கிட்ஸ் மீலுடன் தானாக வருகிற பானம் தண்ணீராகவோ பாலாகவோதான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. கேட்டால் சோடா தருவார்கள், கேட்காமல் தரமாட்டார்கள். பிள்ளை காம்போவுக்கு மாறிய அன்றைக்கே அந்த வேலிக்கு வெளியே வந்துவிடுகிறான். கையில் காலி கோப்பையைக் கொடுத்து, சோடா இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிடுகிறோம். இரண்டு முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். ஒரு மீடியம் கோக்கில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பத்து வயதில் பழக்கமாகிவிட்டால் பதினைந்து வயதில் நிறுத்தச் சொல்வது பெரும்பாடு. அதனால் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

இரண்டு ஹேப்பி மீல் வாங்கிக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். காசு இரண்டு மடங்கு, தேவையில்லாத பிளாஸ்டிக் பொம்மை இரண்டு. ஆறு நக்கெட்ஸ் பெட்டியே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஐந்து டாலர் கட்டு

2024 ஜூன் கடைசியில் மெக்டொனால்ட்ஸ் ஐந்து டாலருக்கு ஒரு கட்டு கொண்டுவந்தது: மெக்டபுள் (மாட்டிறைச்சி பர்கர்) அல்லது மெக்சிக்கன் (கோழி சாண்ட்விச்), நான்கு நக்கெட்ஸ், சின்ன ஃப்ரைஸ், சின்ன பானம். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் இருக்கிறதா, எவ்வளவு என்பதை ஆப்பில் பார்த்துவிடுங்கள். வெண்டீஸில் பிக்கி பேக் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் காம்போ இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் ஒரே பிள்ளைக்கு இது அதிகம். மெக்சிக்கன் 390, நக்கெட்ஸ் 170, ஃப்ரைஸ் 230, தண்ணீரே குடித்தாலும் 790 வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் சாக்கர் ஆடிவிட்டு வருகிற பதின்மூன்று வயதுக்காரனுக்குச் சரி. சோபாவில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுக்காரனுக்குச் சரியில்லை. இதன் உண்மையான அருமை அண்ணன் தங்கை இருக்கிற வீட்டில்தான் தெரியும். மூத்தவனுக்கு சாண்ட்விச், சின்னவளுக்கு நக்கெட்ஸ், ஃப்ரைஸை நடுவில் கொட்டிவிட்டால் போதும். ஒரு கட்டில் இரண்டு பேர் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களைப் போன்ற வீடுகளுக்கு மெக்சிக்கன் இருப்பது பெரிய ஆறுதல், ஹேப்பி மீலிலோ ஹாம்பர்கரை விட்டால் நக்கெட்ஸ் மட்டும்தான்.

மூன்று பிள்ளைகள் இருந்தால், அல்லது இரண்டு குடும்பமாகப் போனால், இருபது நக்கெட்ஸ் பெட்டி. மொத்தம் 830 கலோரி, பத்து பத்தாக இரண்டு வாங்குவதைவிட வழக்கமாக விலையும் குறைவு. பெரியவனுக்குப் பத்து, சின்னவளுக்கு ஆறு, மிச்சம் அம்மாவுக்கு. சாப்பாட்டை நடுவில் வைத்துப் பகிர்வது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. ‘என்னுடைய மீல்’ என்று ஆளுக்கொரு பெட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்வதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. யாருக்குப் பசி அதிகமோ அவர்கள் இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே அளவை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை.

தனித்தனியாக வாங்குவது

பத்து, பதினொரு வயதுக்கு மேல் எனக்குச் சரியாகப் படுவது இதுதான். ஒரு முதன்மைப் பொருள், ஓரத்துக்கு ஒரு சின்னது, தண்ணீர். மெக்சிக்கன் அல்லது ஃபிலே-ஓ-ஃபிஷ் என்கிற மீன் சாண்ட்விச், எதுவானாலும் 390 அளவில்தான். அத்துடன் ஆப்பிள் துண்டுகள், கேட்டால் சும்மாவே தருகிற ஒரு கோப்பைத் தண்ணீர். அதற்கும் பசி தீரவில்லையென்றால் ஒரு சின்ன ஃப்ரைஸ் சேர்த்தால் 635 ஆகும். ஹேப்பி மீலுக்கும் காம்போவுக்கும் நடுவில் இல்லாமல் போன படியை நாமே கட்டிக்கொள்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர்கள் காம்போ லாபமாகத் தெரிகிற மாதிரிதான் விலை வைத்திருப்பார்கள். ‘இன்னும் ஒரு டாலர் போட்டால் ஃப்ரைஸும் கோக்கும் வருகிறதே’ என்று மனம் சொல்லும். அந்த ஒரு டாலரில் வருவது நமக்கு வேண்டாத 500 கலோரி என்று நினைத்துக்கொண்டால் தாண்டிவிடலாம். விலை உண்மையிலேயே நெருங்கி வந்தால் காம்போவை வாங்கி, பானத்தில் தண்ணீரோ சர்க்கரை போடாத ஐஸ் டீயோ கேட்டு, ஃப்ரைஸை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். இன்னொன்று உப்பு. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை ஒரு நாளைக்கு சோடியம் 1,800 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. பத்து நக்கெட்ஸிலேயே அதில் பாதியை நெருங்கிவிடுகிறது.

வேறு கடைகளையும் பார்த்தால், படி வைப்பதில் சிக்-ஃபில்-ஏ மெக்டொனால்ட்ஸைவிட மேல். கிட்ஸ் மீலில் ஐந்து நக்கெட்ஸ், அதற்கடுத்து எட்டு, அப்புறம் பன்னிரண்டு. எட்டு நக்கெட்ஸ் 250 கலோரி. எண்ணெயில் பொரிக்காமல் சுட்டது வேண்டுமென்றால் 130-தான். ஃப்ரைஸுக்குப் பதில் பழக் கோப்பை கேட்கலாம். பொம்மை வேண்டாம் என்கிற வயதில், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் கோன் வாங்கிக்கொள்ளவும் விடுகிறார்கள். பொம்மை கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெட்டியின் அளவு போதும் என்கிற ஒன்பது வயதுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. அவர்கள் பொரிப்பது கடலை எண்ணெயில் என்பதை, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது.

சைவ வீடுகளின் கதை வேறு. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஹேப்பி மீலில் சைவ முதன்மைப் பொருளே கிடையாது. ஃப்ரைஸ்கூட சைவமில்லை, இங்கே அதில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. அதை மறைத்ததாக 2001-இல் சைவர்களும் இந்துக்களும் வழக்குப் போட, அடுத்த ஆண்டு ஒரு கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இருபது வருடம் கழித்தும் புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு இது தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சைவப் பிள்ளைகளுக்கு டாக்கோ பெல் நல்ல இடம். 2013-இல் கிட்ஸ் மீலையே நிறுத்தப்போவதாக அறிவித்த கடை அது. அதனால் அங்கே ‘குழந்தை அளவு, பெரியவர் அளவு’ என்ற பிரிவே இல்லை. ஏழு வயதில் ஒரு பீன் பரிட்டோ (பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி), சுமார் 350 கலோரி. பன்னிரண்டில் அதனுடன் இன்னொரு சின்ன ஐட்டம். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சிபோட்லேயில் கிட்ஸ் மீலைத் தாண்டினால் பெரும்பாலும் முழு பௌல்தான். அரிசி, பீன்ஸ், குவாக்கமோலே எல்லாம் சேர்த்தால் அது ஒரு பெரியவருக்கே நிறைய. ஒரு பௌல் வாங்கி, இன்னொரு காலிக் கிண்ணம் கேட்டு இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துவிட்டால் விலையும் அளவும் சரியாக வரும். வெண்டீஸில் ஓவனில் சுட்ட முழு உருளைக்கிழங்கு கிடைக்கும், 270 கலோரி. ஃப்ரைஸ் தவிர வேறொன்றும் இல்லை என்று சைவப் பிள்ளையைப் பட்டினி போடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கவுன்டரில் வாங்குகிற இந்தக் கடைகளில் வயதை யாரும் கேட்பதில்லை. பதினான்கு வயதுப் பெண் குறைவாகச் சாப்பிடுகிறவள் என்றால் ஹேப்பி மீலே வாங்கலாம், நாற்பது வயதுக்காரரும் வாங்கலாம். உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகங்களில்தான் ‘12 வயதுக்குள்’ என்று மெனுவிலேயே அச்சடித்திருக்கும், சில இடங்களில் 10. நம் இந்திய பஃபேக்களிலும் இப்படி வயது வைத்துத்தான் கட்டணம். அங்கே பதின்மூன்று வயதுப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ‘பதினொன்று’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு டாலருக்காக அதைச் செய்யாதீர்கள். அன்றைக்கு பஃபே வேண்டாம், மெனுவிலிருந்து இரண்டு ஐட்டம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பையனிடம் சொன்னால் அவனுக்கும் புரியும், செலவும் குறையும்.