சிங்கப்பூர்ல க்ரூஸ் ஏறுற நாள், இறங்குற நாள்: டாக்ஸியா, எம்ஆர்டியா, ஆப் காரா?

சிங்கப்பூர்லேர்ந்து க்ரூஸ் போறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, "ஏர்போர்ட்லேர்ந்து கப்பலுக்கு எதுல போறது நல்லது?" இதுக்கு ஒரே பதில் சொல்றவங்கள நம்பாதீங்க, ஏன்னா கப்பலுக்குப் போகும்போது ஒரு பதில், கப்பல விட்டு இறங்கி வரும்போது அதுக்கு நேரெதிர் பதில். என் கட்சிய முதல்லயே சொல்லிடறேன்: போகும்போது டாக்ஸி, வரும்போது எம்ஆர்டி (அந்த ஊரு மெட்ரோ ட்ரெய்ன்). நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, போகும்போது உற்சாகத்துல காசு மிச்சம் பண்றேன்னு ட்ரெய்ன், வரும்போது அசதில டாக்ஸி, ரெண்டு தடவையும் கஷ்டப்படுறாங்க.

காரணம் புரியணும்னா அந்த நாள் எப்படி ஓடுதுன்னு பாக்கணும். காலைல கப்பல் வந்து கட்டுது, உள்ள இருக்குற நாலாயிரம் பேர் (பெரிய கப்பல்னா இன்னும் அதிகம்) ஒன்பது ஒன்பதரைக்குள்ள வெளிய வந்தாகணும், அதே கப்பல சுத்தம் பண்ணி மத்தியானத்துலேர்ந்து அடுத்த நாலாயிரம் பேர ஏத்தி சாயங்காலம் கிளப்பிடுவாங்க. அதாவது டெர்மினல் வாசல்ல காலைல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வண்டி வேணும், வர்ற வண்டியோ அவ்வளவு கிடையாது. ஏர்போர்ட்ல அப்படி இல்ல, அங்க நாள் பூரா விமானம் இறங்கிட்டே இருக்கும், டாக்ஸியும் வந்துட்டே இருக்கும். அதனால ஒரே டாக்ஸி ஒரு பக்கம் சுகம், இன்னொரு பக்கம் தண்டனை.

அதுக்கு முன்னாடி ஒண்ண செக் பண்ணிக்கோங்க, எந்த டெர்மினல்னு. சிங்கப்பூர்ல ரெண்டு இருக்கு. 2012ல திறந்த மரினா பே க்ரூஸ் சென்டர் ஒண்ணு, பெரிய கப்பல் பெரும்பாலும் இங்கதான். இன்னொண்ணு ஹார்பர்ஃபிரண்ட்ல, விவோசிட்டி மாலோட ஒட்டி இருக்குற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர், இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுக்குப் போற ஃபெர்ரியும் இங்கேர்ந்து போகும். டிரைவர்கிட்ட சும்மா "க்ரூஸ் சென்டர்"னு சொன்னா எங்க வேணா போய் நிக்கலாம், ரெண்டும் வேற வேற மூலை. டிக்கெட்ல இருக்குற பேர முழுசா காட்டுங்க, மரினா பேயா ஹார்பர்ஃபிரண்டான்னு வாய்விட்டும் சொல்லுங்க.

இப்போ போற பக்கம்.

சென்னை, திருச்சிலேர்ந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் ராத்திரி ஃபிளைட் ஏறி விடியக்காலைல சாங்கி ஏர்போர்ட்ல இறங்குறவங்க. தூக்கம் கிடையாது, கைல பெரிய பெட்டி, கூட அப்பா அம்மா இருப்பாங்க. இந்த நிலைமைல எம்ஆர்டி எப்படின்னா, சாங்கி ஸ்டேஷன்ல ஏறி தானா மேரால ஒரு தடவ மாறணும், அப்புறம் சிட்டி ஹால் இல்லன்னா ராஃபிள்ஸ் பிளேஸ்ல சிவப்பு லைனுக்கு இன்னொரு தடவ மாறணும், கடைசி ஸ்டேஷன் மரினா சவுத் பியர்ல இறங்கி அங்கேர்ந்து டெர்மினலுக்கு ஒரு பத்து நிமிஷம் நடக்கணும். மொத்தமா ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. காசு ஆளுக்கு ரெண்டு, ரெண்டரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அவ்வளவுதான்.

இதுல பிரச்சனை தூரமோ மாறுறதோ இல்ல, கூட்டம். வேலை நாள்ல காலை ஏழரைலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் கிழக்குப் பக்கம் குடியிருக்குற ஜனம் பூரா ஆஃபீஸுக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம்தான் போகும், நீங்க தானா மேரால ஏறுறது அதே ட்ரெய்ன்தான். ரெண்டு பெட்டியோட அந்தக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு நடுவுல நின்னா உங்களுக்கும் அவஸ்தை, அவசரமா வேலைக்குப் போறவங்களுக்கும் அவஸ்தை. ஞாயித்துக்கிழமைன்னா பரவால்ல, பத்து மணிக்கு மேல கிளம்புறீங்கன்னாலும் பரவால்ல, ஆனா வேலை நாள் எட்டு மணிக்கு வேண்டவே வேண்டாம்.

டாக்ஸின்னா கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், ட்ராஃபிக் இல்லன்னா இருபது இருபத்தஞ்சு நிமிஷம், மீட்டர் ஏர்போர்ட் சர்சார்ஜ் எல்லாம் சேத்து பெரும்பாலும் 25லேர்ந்து 40 வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். நாலு பேர் பிரிச்சா ஆளுக்குப் பத்து வெள்ளிக்கு உள்ளதான். ஒரே ஒரு கவனம், ராத்திரி 12லேர்ந்து காலை 6 வரைக்கும் மீட்டர் மேல 50 சதவீதம் கூடுதல், அதனால அஞ்சே முக்காலுக்கு வெளிய வந்துட்டா அவசரப்பட்டு வண்டில ஏறாம ஒரு காபி குடிச்சிட்டு ஆறு மணிக்கு மேல போங்க, எப்படியும் அந்நேரத்துக்கு டெர்மினல்ல உங்கள யாரும் உள்ள விடப் போறதில்ல.

ஆப் கார் எங்க வருதுன்னா, கிராப், கோஜெக், டாடா எல்லாம் இருக்கு, சாதாரண நேரத்துல டாக்ஸியோட கொஞ்சம் கம்மியாவே காட்டும், விலை முன்னாடியே தெரிஞ்சிடும்ங்கறது பெரிய நிம்மதி. ஆனா குழந்தைகளோட போறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சிக்கணும்: 1.35 மீட்டர் உயரத்துக்குக் கம்மியா இருக்குற பிள்ளைங்களுக்கு ஆப் கார்ல சைல்ட் சீட் சட்டப்படி கட்டாயம், ரோட்டுல கை காட்டி நிறுத்துற மாதிரியான டாக்ஸிக்கு அந்த விதிலேர்ந்து விலக்கு இருக்கு. சாதாரண கார் புக் பண்ணி வச்சா டிரைவர் வந்து பிள்ளையப் பாத்துட்டு முடியாதுன்னு போயிடுவார், அவர் மேல தப்பு கிடையாது, மாட்டினா அபராதம் அவருக்குத்தான். சின்னப் பிள்ளை இருந்தா சீட்டோட வர்ற வண்டியா பாத்து புக் பண்ணுங்க, இல்லன்னா நேரா டாக்ஸி வரிசைக்குப் போயிடுங்க. பாதுகாப்புன்னு பாத்தா சீட் இருக்குற வண்டிதான் மேல், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

நாலு பேருக்கு மேலன்னா சாதாரண டாக்ஸி ஆகாது. மேக்ஸிகேப் (பெரிய டாக்ஸி) கேளுங்க, இல்ல பத்துப் பன்னெண்டு பேர் கூட்டமா போறீங்கன்னா முன்னாடியே வேன் பேசிடுங்க. ஆள விட பெட்டிதான் இடத்த அடைக்கும், நாலு பேர் நாலு பெரிய பெட்டின்னா டிக்கில சத்தியமா ஏறாது.

காலை ஆறுக்கு இறங்கியாச்சு, செக்கின் பன்னெண்டு ஒரு மணிக்கு, நடுவுல என்ன பண்றதுன்னா, ஏர்போர்ட்லயே பெட்டிய காசு கட்டி வச்சிட்டு ஊருக்குள்ள போய் சுத்திட்டு திரும்ப ஏர்போர்ட் வந்து பெட்டிய எடுத்துட்டு கப்பலுக்குப் போற திட்டத்த நிறைய பேர் போடுறாங்க, இது வீண் அலைச்சல், ஊரோட ஒரு கோடிக்கும் நடுவுக்கும் மூணு தடவ போய்வரணும், அதுவும் தூங்காத உடம்போட. பேசாம ஏர்போர்ட்டோட ஒட்டி இருக்குற ஜுவல் மால்லயே இருங்க. நாப்பது மீட்டர் உயரத்துலேர்ந்து கட்டடத்துக்குள்ள விழுற அந்த அருவி, உக்கார இடம், சாப்பாடு எல்லாம் அங்கயே இருக்கு, பெட்டி வைக்கவும் இடம் இருக்கு, பதினொண்ணு வாக்குல டாக்ஸி பிடிச்சா சரியா இருக்கும். ஆஃபீஸ் ட்ராஃபிக்கும் அப்போ அடங்கியிருக்கும்.

இனி இறங்குற பக்கம், இங்கதான் கணக்கு புரளுது.

எட்டு மணிக்கு மரினா பே டெர்மினல் வாசல்ல டாக்ஸி வரிசை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, நாலாயிரம் பேர்ல மூணுல ஒரு பங்கு டாக்ஸி தேடினாலே முந்நூறு வண்டிக்கு மேல வேணும். ஆப் திறந்தா காலை பீக் விலையும் கப்பல் கூட்டமும் சேந்து விலை எகிறி நிக்கும், மீட்டர் டாக்ஸிலயும் வேலை நாள் காலைல பீக் சர்சார்ஜ் 25 சதவீதம் இருக்கு. காசு கூடுதலா கொடுத்து, அதுக்காக வரிசைலயும் நிக்கறது.

அதே நேரத்துல பத்து நிமிஷம் நடந்தா மரினா சவுத் பியர் ஸ்டேஷன். அது லைனோட முதல் ஸ்டேஷன், ட்ரெய்ன் காலியா வந்து நிக்கும், பெட்டியோட நிம்மதியா உள்ள போய் உக்காந்துக்கலாம். ரெண்டாவது ஸ்டேஷன் ராஃபிள்ஸ் பிளேஸ்ல இறங்கி பச்சை லைன்ல பாசிர் ரிஸ் பக்கம் போற வண்டி பிடிங்க, தானா மேரால ஏர்போர்ட் வண்டிக்கு மாறிக்கோங்க, ஆஃபீஸ் கூட்டம் எல்லாம் எதிர்த் திசைல வந்துட்டு இருக்கும், நீங்க போற பக்கம் ட்ரெய்ன்ல மூச்சு விடலாம். போகும்போது உங்கள நசுக்கின அதே பீக் ஹவர் வரும்போது உங்களுக்கு சாதகமா மாறிடுது. எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, எஸ்கலேட்டர்ல பெட்டிய இழுக்காதீங்க. டிக்கெட்டுக்குன்னு தனியா கார்ட் வாங்க வேண்டாம், கான்டாக்ட்லெஸ் வீசா, மாஸ்டர்கார்ட் தட்டினாலே கேட் திறக்கும், ஆனா ஒரு ஆளுக்கு ஒரு கார்ட், ஒரே கார்ட வச்சு குடும்பத்தையே உள்ள அனுப்ப முடியாது. வெளிநாட்டுக் கார்டுக்கு சின்னதா ஒரு கட்டணம் சேரும், பெருசா ஒண்ணும் இல்ல.

இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, ஆளுக்கு ஒரு பெட்டி, அத நீங்களே இழுக்க முடியணும். மூட்டு வலி உள்ள பெரியவங்க இருந்தா, மழை கொட்டினா, ஆளுக்கு ரெண்டு பெட்டின்னா ட்ரெய்ன மறந்துடுங்க. அவங்களுக்கு என் யோசனை, முதல் ஆளா இறங்காதீங்க. முந்தின ராத்திரி பெட்டிய கேபின் வெளிய வைக்கும்போது கடைசி குரூப் டேக் கேளுங்க, கப்பல்ல நிதானமா சாப்பிட்டுட்டு ஒன்பதரைக்கு இறங்கினா அந்த வரிசை பாதியா குறைஞ்சிருக்கும், பீக் சர்சார்ஜும் முடிஞ்சிருக்கும். ட்ரெய்ன்ல போறவங்க இதுக்கு நேர்மாறா, பெட்டிய வெளிய வைக்காம தானே தூக்கிட்டு இறங்குற முதல் கூட்டத்தோட போயிடணும்.

ஹார்பர்ஃபிரண்ட்ல இறங்குறவங்களுக்கு இந்த யோசனையே தேவையில்ல, மால் வழியாவே எம்ஆர்டிக்குள்ள போயிடலாம், அடுத்த ஸ்டேஷன் ஊட்ரம் பார்க்ல பச்சை லைன் மாறி, அதே மாதிரி தானா மேரால ஏர்போர்ட் வண்டிக்கு மாறினா போதும். நடைபாதை, மழைன்னு எந்தக் கவலையும் இல்ல, இந்த ஒரு விஷயத்துல ஹார்பர்ஃபிரண்ட் மரினா பேய விட பல மடங்கு மேல்.

கப்பல் கம்பெனி விக்கிற பஸ், டூர் இதெல்லாம் எப்படின்னா, வெறும் ஏர்போர்ட் டிராப்புக்கு அது வேண்டாம், ஆள் கணக்கு வச்சு காசு வாங்குவாங்க, நாலு பேர்னா டாக்ஸிதான் லாபம். ஆனா ஊரச் சுத்திக் காட்டிட்டு ஏர்போர்ட்ல விடுற டூர் வேற கதை. பெட்டி பஸ்லயே இருக்கும், ராத்திரி ஃபிளைட் வரைக்கும் பத்துப் பன்னெண்டு மணி நேரம் இருக்கு, வயசானவங்க கூட இருக்காங்கன்னா அந்தக் காசு தகும். இளவட்டங்களுக்குத் தேவையில்ல, காலைல நேரா ஏர்போர்ட் போய் பெட்டிய அங்க போட்டுட்டு, கை வீசிட்டு திரும்பக் கிளம்பி, எக்ஸ்போ ஸ்டேஷன்ல டவுன்டவுன் லைன் மாறினா, அப்புறம் எங்கயும் மாறாம லிட்டில் இந்தியா வரைக்கும் போகலாம். கப்பல் ஏறுற நாளுக்கு நான் வேண்டாம்னு சொன்ன அதே திட்டம் இப்போ சரியா வருது, ஏன்னா இப்போ நாள் முடியுற இடமே ஏர்போர்ட்தான். வீரமாகாளியம்மன் கோயிலுக்கோ, சைனாடவுன்ல 1827லேர்ந்து இருக்குற மாரியம்மன் கோயிலுக்கோ போகணும்னா மதியத்துக்கு முன்னாடி போயிடுங்க, அப்புறம் நடை சாத்திடுவாங்க.

இவ்வளவும் சரியா பண்ணி, இமிக்ரேஷன்ல மாட்டிக்கிட்டா எல்லாம் வீண். இந்திய பாஸ்போர்ட்னா விசா மல்டிப்பிள் என்ட்ரியான்னு பாருங்க, கப்பல் சிங்கப்பூர விட்டுப் போய் திரும்ப வர்றது ரெண்டாவது என்ட்ரி. எஸ்ஜி அரைவல் கார்டும் (சிங்கப்பூருக்குள்ள வர ஆன்லைன்ல நிரப்புற ஃபாரம்) திரும்பி வரும்போது புதுசா நிரப்பணும், அது வந்து சேர்ற நாளையும் சேத்து மூணு நாளைக்குள்ளதான் நிரப்ப விடும். மூணு ராத்திரி க்ரூஸ்னாகூட கப்பல் ஏறுற அன்னைக்கு அத முடிக்க முடியாது, கடல்ல சிக்னல் இருக்காது, கப்பல் வைஃபைக்கு தனிக் காசு. பினாங்கோ புக்கெட்டோ நடுவுல கரைக்குப் போறப்போ ஃபோன்ல சிக்னல் கிடைக்கும், அங்கயே குடும்பத்துல எல்லாருக்கும் சேத்து நிரப்பிடுங்க. அரசாங்க சைட்ல அது முழுக்க இலவசம், காசு கேக்குற சைட் எதுவா இருந்தாலும் மூடிடுங்க.