சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுமுன் வகுப்பு அட்டவணையைக் கேளுங்கள்

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் ரிசல்ட் வந்தாயிற்று. பிப்ரவரியில் பிள்ளையைக் கல்லூரியில் கொண்டுபோய் விட இப்போதே பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். போன வருஷம் இதே நேரம் டர்பன் மெர்பேங்கில் எங்கள் வீட்டிலும் அந்த அமளிதான். அந்த அவசரத்தில் மகளின் சாப்பாட்டுக்கென்று 21,600 ரேண்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

மகளுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் பி.எஸ்சி. இடம். வீட்டு வருமானம் 350,000 ரேண்டைத் தாண்டுவதால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசாங்க உதவித்தொகை கிடையாது, எல்லாம் கைக்காசு. தனியார் விடுதி வாசலிலேயே சாப்பாட்டுக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை, தினம் இரண்டு வேளை, வேளைக்கு 36 ரேண்ட். "கால் பனி சௌகூட இந்த விலைக்குக் கிடைக்காது ஆன்ட்டி" என்றான் அந்தப் பையன், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்களே, அதைச் சொன்னான். சாப்பிடாத வேளைக்குப் பணம் திரும்புமா என்று கேட்டேன். திரும்பும் என்றான். ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பதிவு மேசையில்தான் அடுத்தது தெரிந்தது. மகளை மூன்று வருஷப் படிப்பில் சேர்க்கவில்லை, நான்கு வருஷ எக்ஸ்டெண்டட் டிகிரியில் போட்டிருக்கிறார்கள். காரணம், பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் என்பிடி தேர்வு. அதில் கால்குலேட்டர் கூடாது. பள்ளியில் கால்குலேட்டரை விட்டுக் கை எடுக்காத பிள்ளைக்குக் கணக்கில் 'இன்டர்மீடியட்', அதாவது நடுத்தர நிலைதான் வந்திருந்தது. அந்தப் படிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அடிப்படையை நிதானமாகச் சொல்லித் தருகிறார்கள், அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் இன்னொரு வருஷக் கட்டணமும் வாடகையும் என் தலையில் விழும் என்பதை, இடம் கொடுத்த கடிதத்திலேயே சொல்லியிருக்கலாமே.

இந்தப் படிப்பும் அந்தச் சாப்பாடும் முட்டிக்கொண்டது மார்ச்சில். எக்ஸ்டெண்டட் பிள்ளைகளுக்குக் கூடுதல் டியூட்டோரியல் உண்டு. வாரத்தில் மூன்று நாள், பகல் 12 முதல் 2 வரை. சாப்பாட்டுக்கூடம் ஒன்றரைக்கு மூடிவிடும். பொட்டலமாக வேண்டுமென்றால் முதல் நாள் காலை 10 மணிக்குள் பதிய வேண்டும், மறந்தால் அந்த வேளை போச்சு. பணம் திரும்பாது என்பது தாளின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது.

பதிந்து வாங்கிய ஒரு பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மூடியில் 'வெஜ்' ஸ்டிக்கர். உள்ளே ஆறிப்போன பாப் என்ற மக்காச்சோளக் களி, கொஞ்சம் முட்டைக்கோஸ், அதன்மேல் இரண்டு ஃபிஷ் ஃபிங்கர். நாங்கள் சைவம் என்று பதியும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். போன் போட்டுக் கேட்டால், "ஃபிஷ்தானே ஆன்ட்டி, மீட் இல்லையே" என்கிறார்கள். இவர்களிடம் என்ன பேச? அந்த வாரம் முழுக்க நான் கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயும் பிரெட்டும்தான் அவளுக்கு.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதத்துக்கு 2,160 ரேண்ட் என்றால் முப்பது நாளும் சேர்த்து. ஜூன், ஜூலையில் பல்கலைக்கழகமே மூடியிருக்கும் வாரங்களுக்கும் நான் சோற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்!

ஒப்பந்தத்தை ரத்து செய்யவே முடியாது, அதுதான் "பாலிசி" என்றார்கள் சாப்பாட்டுக்காரர்கள். முடியும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவு: இப்படிக் காலம் குறித்துப் போட்ட ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து நாம் முறித்துக்கொள்ளலாம். அவர்கள் நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். போனில் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் மின்னஞ்சலில் பிரிவு எண்ணோடு எழுதினேன், அந்த மீன் படத்தையும் சேர்த்தேன். "பாலிசி" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

ஜூனிலிருந்து ஆறு மாதத்துக்கு 12,960 ரேண்ட் வர வேண்டும். வந்தது 9,100. மகள் இப்போது விடுதிச் சமையலறையில் பருப்பும் சோறும் தானே வைத்துக்கொள்கிறாள், டியூட்டோரியலுக்கு டப்பாவில் எடுத்துப் போகிறாள். பிடித்துக்கொண்ட 3,860க்கு என்ன கணக்கு என்று இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஆனால் போன வாரம் புது வருஷச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு விளம்பரம் மட்டும் அனுப்பியிருந்தார்கள், வேளைக்கு 39 ரேண்டாம்.