ஒரு ஹாட் ஹேட்சுக்கு எத்தனை வேரியன்ட் வேண்டும்? கோல்ஃப் ஜிடிஐயும் கோல்ஃப் ஆரும் ஓட்டிய அனுபவம்

சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக்கின் வேகமான வடிவத்தைத்தான் ஹாட் ஹேட்ச் என்கிறோம். அப்படி ஒன்றான ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயைச் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 220 குதிரைத்திறன் உள்ள அடிப்படை வேரியன்ட் அது. என் மனைவியின் தம்பியிடம் அதே தலைமுறை கோல்ஃப் ஆர் (R) இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே கார்கள் அடிக்கடி கைமாறும். மலாக்காவோ கோலாலம்பூரோ போனால் பாதி வழி நான் அவர் காரில், மீதி வழி என் காரில். ஒரே காரின் இரண்டு வேரியன்ட்களை ஒரே சாலையில், ஒரே மழையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேரியன்ட்கள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேரியன்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் டிஃபரன்ஷியலிலும் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் பாகம்) பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் இருக்க வேண்டும். குதிரைத்திறனை மட்டும் கொஞ்சம் கூட்டி இன்னொரு பெயர் ஒட்டுவதால் ஓட்டுகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்தத் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஜிடிஐ 220 குதிரைத்திறன், பெர்ஃபார்மன்ஸ் வேரியன்ட் 230. டார்க், அதாவது முறுக்குவிசை, இரண்டிலும் 350 நியூட்டன் மீட்டர்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஒன்றுக்கு 6.5 விநாடி, இன்னொன்றுக்கு 6.4. தாளில் இதைப் பார்ப்பவர், 'பத்து குதிரைக்கா இவ்வளவு பணம்?' என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்த வேரியன்டின் உண்மையான சரக்கு அந்தப் பத்து குதிரை இல்லை. முன்சக்கரங்களுக்கு நடுவே மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்று வருகிறது; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது இது. முன் பிரேக் டிஸ்க் 312 மில்லிமீட்டரிலிருந்து 340-க்குப் போகிறது. இந்த இரண்டும் காரின் குணத்தையே மாற்றுகின்றன. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் ஒன்று, காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் இன்னொன்று.

டிஃபரன்ஷியல் எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். முன்சக்கர இழுவை உள்ள எந்தக் காரும் வளைவில் திரும்பும்போது எடை வெளிச்சக்கரத்தின் பக்கம் சாயும், உள்சக்கரத்தின் பிடி குறையும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்தி பிடி குறைந்த சக்கரத்துக்குத்தான் ஓடும், அது வீணாகச் சுழலும். என் காரில் இதைச் சமாளிக்க எக்ஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. உள்சக்கரத்தை பிரேக்கால் லேசாகப் பிடித்து, சக்தியை வெளிச்சக்கரத்துக்குத் தள்ளும். அன்றாடச் சாலைக்கு இது தாராளம். ஆனால் அது பிரேக்கைப் பயன்படுத்திச் செய்கிற வேலை. வேகத்தை விழுங்கும், பிரேக்கில் சூடும் ஏற்றும். லிமிடெட் ஸ்லிப் இருக்கும் கார் அதே வளைவில் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இதை ஒருமுறை ஸ்டியரிங்கில் உணர்ந்துவிட்டால், எந்தப் பட்டியலையும் பார்த்து ஒப்பிடத் தேவையில்லை.

சிங்கப்பூரில் இது எங்கே தெரியும்? நவம்பர், டிசம்பர் மழையில், பிஐஇ விரைவுச்சாலையில் ஏறும் வளைவுகளில். சாலை பளபளவென்று இருக்கும், வளைவு முடிவதற்குள் போக்குவரத்தோடு சேர வேண்டும், பின்னால் ஒரு லாரி நிற்காமல் வரும். அங்கே என் காரில் வலது காலை அளந்துதான் வைப்பேன். அதே இடத்தில் மைத்துனரின் ஆர், நான்கு சக்கரத்திலும் பிடித்துக்கொண்டு, எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும். நான்கு சக்கர இழுவை, 300 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர், ஜிடிஐயைவிடப் பெரிய டர்போ, பிஸ்டன் முதல் சிலிண்டர் ஹெட் வரை மாற்றப்பட்ட இன்ஜின். மென்பொருளை மட்டும் மாற்றிப் பெயரை உயர்த்திய கார் அது அல்ல. வேரியன்ட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் என் ஜிடிஐயை ஆருக்கு மாற்றிக்கொள்ள எனக்கு ஆசை வரவில்லை. ஆர் ஏறக்குறைய நூறு கிலோ கூடுதல் எடை. வேகம் அபாரம்தான், ஆனால் அந்த வேகத்தில் காருக்கும் எனக்கும் இடையே நடக்கும் பேச்சு குறைந்துவிடுகிறது. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு 90 கிலோமீட்டர், பல இடங்களில் 80, 70. அந்த வேகத்துக்குள் ஜிடிஐயில் மூன்றாம் கியரின் முழு இனிமையும் கிடைத்துவிடும். ஆரில் இரண்டாம் கியரிலேயே சட்டம் முடிந்துவிடும். பின்சக்கர இழுவைக்கான கருவிகள் அடியில் உட்கார்ந்திருப்பதால் ஆரின் பொருள் வைக்கும் இடமும் சிறியது: ஜிடிஐயில் 380 லிட்டர், ஆரில் 343. தீபாவளிக்குத் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு வந்த நாளில் அந்த 37 லிட்டர் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மைத்துனரே சொன்னார்: "அத்தான், அடுத்த வாட்டி உங்க காரையே எடுத்துட்டு வாங்க, இதுல பட்சணத்தை மடியில வச்சுட்டு போக வேண்டியிருக்கு." வேகமான வேரியன்ட் எல்லா விதத்திலும் மேலான வேரியன்ட் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். சிங்கப்பூரில் வேரியன்ட் விவாதத்தை வேறு எந்த ஊரிலும் இல்லாத விதத்தில் திருப்பிவிடுவது நம் வரி முறைதான்.

இங்கே கார் வைத்திருக்க சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழை ஏலத்தில் வாங்க வேண்டும். அதன் 'ஏ' பிரிவுக்குள் வர பெட்ரோல் கார் 1,600 சிசிக்குள்ளும் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறனுக்குள்ளும் இருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் இந்தச் சக்தி வரம்பு வந்தது. அதைத் தாண்டிய எல்லாமே 'பி' பிரிவு. 1.4 லிட்டர் டர்போவும் 103 கிலோவாட்டும் உள்ள சின்ன சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் 'பி', 300 குதிரைத்திறன் உள்ள கோல்ஃப் ஆரும் 'பி'. 2023 அக்டோபரில் 'பி' பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் (சிங்கப்பூர் டாலர்) தொட்டபோது, ஒரு டன்னுக்கும் குறைவான எடையில் வரும் அந்தச் சின்ன காருக்கும் அதே விலைதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹாட் ஹேட்ச் உலகத்துக்குள் ஓர் இளைஞர் நுழையும் கதவு இந்த மாதிரி எளிய, இலகுவான கார்கள்தாம். நம் ஊரில் அந்தக் கதவுக்கும் மாளிகைக் கதவுக்கும் ஒரே கட்டணம்.

சாலை வரியும் இதே கதைதான். பெட்ரோல் காருக்கு அது இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான். ஜிடிஐ, பெர்ஃபார்மன்ஸ், ஆர் மூன்றுமே 1,984 சிசி, ஆகவே மூன்றுக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 வெள்ளி. சிஓஇயும் ஒன்று, சாலை வரியும் ஒன்று என்றால் வாங்குபவர் மனம் எங்கே போகும்? 'இவ்வளவு கொடுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டு உச்சியையே வாங்கிடலாம்' என்றுதான் போகும். நடு வேரியன்ட்கள் இங்கே சாலையில் அரிதாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த 'இன்னும் கொஞ்சம்' உண்மையில் கொஞ்சம் இல்லை. 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி, காரின் திறந்த சந்தை மதிப்பில் (உள்ளூர் வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 40,000 வெள்ளிக்கும் 60,000 வெள்ளிக்கும் இடைப்பட்ட பகுதிக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 190 விழுக்காடு. அந்தப் பகுதியில் விழும் ஒரு காரில் ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள டிஃபரன்ஷியலைச் சேர்த்தால், 20 விழுக்காடு கலால் வரி 200, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 108, அப்புறம் பதிவுக் கட்டணம் 1,900. ஆயிரம் வெள்ளிப் பொருள் 3,200 வெள்ளியைத் தாண்டிவிடுகிறது, விற்பவரின் லாபத்தைச் சேர்க்காமலேயே. எனவே சிங்கப்பூரில் ஒரு வேரியன்டுக்குள் என்ன வைக்கிறார்கள் என்பது மிக முக்கியம். ஒட்டுப்படம், சிவப்புத் தையல், பளபளக்கும் பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் நாம் மூன்று மடங்கு கொடுக்கிறோம்.

'ஏன் இந்தக் குழப்பம், ஹோண்டா மாதிரி ஒரே காராக விற்றால் என்ன?' என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்பார். அவர் வாதத்தில் வலு இருக்கிறது. இப்போதைய சிவிக் டைப் ஆரில் கையால் மாற்றும் கியர் மட்டும்தான், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் எல்லாக் காரிலும் உண்டு. வாங்கிய யாருக்கும் 'என் காரில் அது இல்லையே' என்ற குறை கிடையாது. பொறியாளர்களும் ஒரே இலக்கை நோக்கி எல்லாவற்றையும் மெருகேற்ற முடிகிறது. டைப் ஆரை ஓட்டியவர்களுக்கு அந்த ஒருமுகம் புரியும். ஆனால் அந்த ஒரே கார் உச்சத்தில் நிற்கும் கார். அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. பெஜோ 205 ஜிடிஐயின் வரலாறு இதற்கு நல்ல பதில். 1984-இல் 1.6 லிட்டர் இன்ஜினுடன் வந்தது, 1986-இல் 1.9 சேர்ந்தது. பெரிய இன்ஜின் வந்த பிறகும் 1.6-இன் சுறுசுறுப்பை விரும்பியவர்கள் அதையே விரும்பினார்கள், இன்றும் விரும்புகிறார்கள். இரண்டும் இரண்டு வித ஓட்டுநர்களுக்கான கார்கள், ஒன்று மற்றதன் மலிவுப் பதிப்பு அல்ல.

வேரியன்ட்கள் இன்னொரு நன்மையும் செய்கின்றன. ஏழாம் தலைமுறையில் கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைத்த அந்த மின்னணு டிஃபரன்ஷியல், எட்டாம் தலைமுறை ஜிடிஐயில் எல்லாக் காரிலும் வந்துவிட்டது. முன்பே வாங்கியவர்கள் அதற்கு ஆதரவு தந்திராவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஹியுண்டே ஐ30 'என்' (N) காரிலும் 250, 275 குதிரைத்திறன் என்று இரண்டு படிகள் வைத்தார்கள், 275-இல் டிஃபரன்ஷியலும் பெரிய பிரேக்கும். இதுபோன்ற படி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கூடக் கொடுக்கும் காசு சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையில் செலவாகிறது.

மறு எல்லையில் கோல்ஃப் கிளப்ஸ்போர்ட் எஸ், ரெனோ மெகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் போன்றவை இருக்கின்றன. முதலாவது 400 கார்கள் மட்டுமே, இரண்டிலும் பின் இருக்கையே கிடையாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தய ஓடுதளத்தில் நேரம் பதிக்கச் செய்யப்பட்ட கார்கள். பொறியியலாக அவற்றை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அதே காரில் மலேசியாவின் செப்பாங் பந்தய ஓடுதளத்துக்குப் போய் வருவதுதான் ஹாட் ஹேட்சின் அழகு. பின் இருக்கையை எடுத்த பிறகு அது வேறு வகைக் கார்.

செப்பாங் என்றதும் ஒரு விஷயம். 5.543 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்பாதை, ஒவ்வொன்றின் முடிவிலும் கடும் பிரேக். அந்த வெயிலில் என் காரை நான் இடையிடையே ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் குளிர விடுவேன். ஓடுதளத்துக்கு அடிக்கடி போகிறவர் என்றால் பெரிய டிஸ்க் உள்ள வேரியன்ட் ஆடம்பரம் இல்லை, தேவை. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு நல்ல பிரேக் பேடும் புது பிரேக் எண்ணெயும் போதும், அடிப்படை வேரியன்டே நிறைவு தரும்.

என் கணக்கில் மூன்று படிகள் சரி. 97 கிலோவாட்டுக்குள் அடங்கும், எடை குறைந்த, நல்ல சஸ்பென்ஷன் உள்ள ஒன்று; நம் ஊருக்கு மிகவும் தேவையானது இதுதான், யாராவது முயன்றால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். அதற்கு மேல் டிஃபரன்ஷியலும் பெரிய பிரேக்கும் கட்டாயமாக வரும் முன்சக்கரக் கார். அதற்கும் மேலே நான்கு சக்கர இழுவை. இவற்றுக்கு நடுவே பத்து, பதினைந்து குதிரையைச் செருகும் எதுவும் வேண்டாம்.

பழைய காராக ஏழாம் தலைமுறை ஜிடிஐ தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அதிகாரபூர்வ முகவர் கொண்டுவந்தவையும் தனி இறக்குமதியாளர்கள் கொண்டுவந்தவையும் கலந்தே சந்தையில் கிடக்கும், விளம்பரத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. குனிந்து முன்சக்கரத்தின் வழியே டிஸ்கைப் பாருங்கள், முடிந்தால் அளந்தே பாருங்கள். 340 மில்லிமீட்டர் இல்லையென்றால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.