கட்டி என்னவென்று பார்க்காமல் விற்கும் 'கென்சர் பொதி': மட்டக்களப்பு, அம்பாறையில் நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

நாய்க்குக் கட்டி என்றால், 'கென்சர் பொதி' விற்பவர்கள் வாட்ஸ்அப்பில் அதன் படத்தை அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வரும்: "இது கென்சர்தான். வெட்டினால் பரவும், ஊசி போட்டால் தாங்காது. எங்கட மருந்தில ரெண்டு மாதத்தில கரைஞ்சிடும்." காசை முதலில் வங்கியில் போட வேண்டும், பொதி பஸ்ஸில் வரும். பற்றுச்சீட்டு கேட்டால், "இது சேவை, வியாபாரம் இல்ல" என்பார்கள். நாயின் நிறையைக்கூடக் கேட்பதில்லை. பொமேரியனுக்கும் அல்சேசனுக்கும் ஒரே பொதி, ஒரே கரண்டி.

ஏறாவூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டாருக்கு நடந்ததைக் கேளுங்கள். 15 கிலோ கடுவன் நாய், ஆண்குறியின் உறைக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம். சலப்பைக் கென்சர் என்று சொல்லி இரண்டு பொதி விற்றார்கள். இரண்டாவது பொதி முடியும்போது கட்டி பூக்கோவா மாதிரிச் சிவந்து வெளியே தள்ளி, புழுவும் வைத்துவிட்டது. மிருக வைத்தியர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்து, ஊசியால் கொஞ்சம் கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். ரி.வி.ரி. (TVT) என்றார். புணர்ச்சியாலும் நக்குவதாலும் முகர்வதாலும் நாய்க்கு நாய் தொற்றும் கட்டி இது. தெருநாய் கூடிய வெப்ப நாடுகளில் சர்வசாதாரணம். நாய்ப் புற்றுநோய்களில் மிக இலகுவாகக் குணமாவதும் இதுதான். அந்த வீட்டில் போனது காசு மட்டுமல்ல, கட்டி சின்னதாக இருந்த காலமும்தான்.

இனிப் பொதியைப் பிரிப்போம்.

முதலாவது, லேபல் உரித்த போத்தலில் வெள்ளைப் பாணி. பட்டி வைத்திருப்பவர்களுக்கு மணத்திலேயே தெரியும், ஆட்டுப் பூச்சிமருந்து. பென்பென்டசோல் என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்காவில் ஜோ டிப்பன்ஸ் என்பவர் நாய்ப் பூச்சிமருந்தால் தன்னுடைய நுரையீரல் புற்றுநோய் போய்விட்டது என்று சொன்ன கதைதான் இதற்கெல்லாம் மூலம். அவர் அதே காலத்தில் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் பரிசோதனையிலும் இருந்தார். குரல்பதிவில் அந்தப் பாதி வராது. அவர்கள் மந்திரம்போலச் சொல்லும் 222 மில்லிகிராம் என்ற அளவும் ஆய்வில் பிறந்ததல்ல. அங்கே கடையில் விற்கும் ஒரு கிராம் பைக்கற்றில் அவ்வளவு மருந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

பூச்சிக்கு நாய்க்குக் கொடுக்கும் முறை கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை, 3 நாள். 20 கிலோ நாய்க்கு 1000 மில்லிகிராம். அந்த மட்டில் நல்ல மருந்து. நாட்கணக்கு நீண்டால் என்பு மச்சை அடங்கி வெண்குருதிக் கலங்கள் குறைந்த நாய்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. நாயின் புற்றுநோயை இது குறைக்கிறது என்று காட்டிய முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கல், இந்தப் பாணி 2.5 வீதத்திலும் வருகிறது, 10 வீதத்திலும் வருகிறது. ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், ஒன்றில் 125 மில்லிகிராம், மற்றதில் 500. லேபல் இல்லாத போத்தலில் எது என்று யார் சொல்வது? அது பென்பென்டசோல்தானா என்பதும் நிச்சயமில்லை. ஆட்டுக்குக் கொடுக்கும் வேறு பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். அவற்றில் குளோசன்டெல் அளவு கூடினால் ஆட்டுக்கே கண் போகும். லெவமிசோல் கொஞ்சம் கூடினாலே நாய் வீணீர் வடித்து, வாந்தியெடுத்து, நடுங்கும்.

சிலர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தையும் வாயால் கொடுக்கச் சொல்கிறார்கள். 1 வீத மருந்தென்றால் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். சொறிக்கு வைத்தியர் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 0.3 முதல் 0.6 மில்லிகிராம், அதையும் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். 5 கிலோ பொமேரியனுக்கு ஒரு மில்லிலீற்றர் போனால் கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். கொலி இனத்திலும் சில அல்சேசன்களிலும் மூளைக்குள் இந்த மருந்து போகாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். அவற்றுக்கு இதைவிட மிகக் குறைந்த அளவே போதும், கண்மணி விரிந்து, தள்ளாடி, மயங்கிக் கிடக்கும்.

இரண்டாவது, மண்ணிறத் தூள் அடைத்த கூட்டுக்குளிசை. பெயர் மூலிகை. இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சுருண்டு கிடந்த நாய் மூன்றாம் நாள் எழும்பிச் சோறு தின்னும். தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் திரண்டிருந்த நெறிகள் மளமளவென்று வற்றும். முகநூலில் போடும் 'குணமான' காணொளி இந்த முதல் கிழமையில் எடுத்ததாகத்தான் இருக்கும். ஆனால் சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறதா, வீட்டுக்குள் மூத்திரம் போகிறதா, எவ்வளவு தின்றும் பசிக்கிறதா, வயிறு தொங்குகிறதா என்று பாருங்கள். தூளுக்குள் ஸ்டெரொயிட், பெரும்பாலும் பிரட்னிசொலோன் அல்லது டெக்ஸாமெதசோன், கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட இவ்வளவும் போதும்.

இப்படி நெறிகள் திரளும் புற்றுநோயான லிம்போமாவுக்குப் பிரட்னிசொலோன் மட்டும் கொடுத்தால் கிடைப்பது ஒன்றிரண்டு மாதம். பல மருந்துகள் சேர்ந்த முறையான சிகிச்சையில் அதன் ஒரு வகையான பி-கல லிம்போமாவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம்வரை கிடைக்கும். முதலில் ஸ்டெரொயிட்டைத் தின்ற கலங்கள் மற்ற மருந்துகளுக்கும் பணியாமல் போகக்கூடும். பரிசோதனை முடிவும் குழம்பும். ஆகவே அந்தப் பொதி நல்ல சிகிச்சையின் வாசலையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அதே தூளில் டைக்குளோபினாக் என்ற நோ மருந்தும் இருந்தாலோ, வீட்டார் நோவுக்கென்று இபுபுரூபன் கொடுத்தாலோ, குடல் புண்ணாகித் தார்போலக் கறுத்த மலம் போகும். அது வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, கறுப்புக் களிம்பு. சேராங்கொட்டை, துத்தம், சுண்ணாம்பு என்று எதையாவது குழைத்த அரிமருந்து. தடவிய இடம் வெந்து பொருக்காகி விழும். "வேரோட விழுந்திட்டு" என்பார்கள். விழுந்தது மேல்தோல், உள்ளே கட்டி அப்படியே இருக்கும். மாஸ்ட் கலக் கட்டியாக (தோலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்) இருந்தால் தடவுவதும் பிசைவதுமே ஆபத்து. அது வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கக்கி, சுற்றிவர வீங்கி, நாய் சோர்ந்து விழக்கூடும். நாய் நக்காத களிம்பு என்று ஒன்று இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய், கழிவு ஒயில் தடவுகிற பழக்கத்துக்கும் இதுவே பதில்.

மஞ்சளைப் பற்றிக் கேட்பார்கள். சோற்றில் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதல் இல்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, கட்டி கரையும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளி, வெங்காயம் மட்டும் மருந்தென்று சொல்லிக் கொடுக்காதீர்கள், செங்குருதிக் கலங்கள் உடையும்.

வேறு நோய்க்கென்றோ மனிதருக்கென்றோ வந்த மருந்தை நாய்க்குக் கொடுப்பதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. மிருக வைத்தியர்கள் தினமும் செய்வது அதைத்தான். சலப்பைப் புற்றுநோய்க்கு மூட்டுவாத மருந்தான பைரொக்சிகாம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு கொடுப்பார்கள். முன்னரும் இடையிலும் சிறுநீரகப் பரிசோதனை செய்வார்கள், ஸ்டெரொயிட்டோடு ஒருபோதும் சேர்க்கமாட்டார்கள். 10 கிலோ நாய்க்கு வேண்டியது 3 மில்லிகிராம். பாமசியில் வாங்கும் 20 மில்லிகிராம் கூட்டுக்குளிசையை அப்படியே போட்டால் ஏறக்குறைய ஏழு மடங்கு.

ரி.வி.ரி.க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் மனிதரின் புற்றுநோய் மருந்துதான். கிலோவுக்கு 0.025 மில்லிகிராம், ஆகக்கூடியது 1 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை. ஏறாவூர் நாயின் நிறைக்கு 0.37 மில்லிகிராம் மட்டில் வரும். வழமையாக நாலு முதல் ஆறு கிழமையில் கட்டி போய்விடும், பத்தில் ஒன்பது நாய்க்கும் அதிகமாகக் குணம். நாளத்துக்குள் மட்டும்தான் ஏற்ற வேண்டும், ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் காலின் சதை அழுகும். அதனால் காலை உதறும் நாயை இறுக்கிப் பிடிக்க ஆள் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை உண்டு. ஊசிக்குப் பின் சில நாள் மூத்திரம், மலம், வாந்தியைக் கையுறை போட்டு அள்ளுங்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். வீட்டில் போடலாம் என்று யாராவது வந்தால் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பெட்டை நாயின் மடிக்கட்டியில் ஏறக்குறையப் பாதி தீங்கற்றவை. ரி.வி.ரி.யும் சிலவேளை தானாகவே வற்றும். விற்பனையாளர் காட்டும் வெற்றிப் பட்டியலில் இவை எத்தனை என்று அவருக்கே தெரியாது, அவர் ஒன்றையும் பரிசோதிக்கவில்லையே. மடிக்கட்டிக்கு முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, பிறகு வெட்டு.

பரிசோதனை பெரிய விடயமல்ல. 22 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செருகி எடுத்து, வருவதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிக் காற்றில் உலர்த்துவார்கள். பெரும்பாலும் மயக்கம் வேண்டாம். தகட்டின் தேய்த்த ஓரத்தில் நாயின் பெயரையும் கட்டி இருந்த இடத்தையும் பென்சிலால் எழுதவேண்டும், பேனை மை சாயத்தில் கரைந்துவிடும். வெட்டியெடுத்த துண்டென்றால் அதன் பத்து மடங்கு போமலினில் (இழையம் அழுகாமல் காக்கும் திரவம்) இடுங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்பினால் போமலின் ஆவியில் தகடு கெட்டுவிடும். இது அடிக்கடி நடக்கும் பிழை. பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அவர்களே எழுதித் தருவார்கள். அம்பாறையிலிருந்து மகியங்கனை வழியே போகலாம். விடியப்புறம் வெளிக்கிடுங்கள், வெயிலில் நாய் களைத்துவிடும்.

ஏற்கனவே அந்தத் தூளைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே சடாரென்று நிறுத்த வேண்டாம். நாட்கணக்கில் ஸ்டெரொயிட் போயிருந்தால் உடல் தானாகச் சுரப்பதை விட்டிருக்கும், திடீரென்று நின்றால் வாந்தியெடுத்து விழுந்துவிடும். மிச்சத் தூள், போத்தல், களிம்பு எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி, தொடங்கிய திகதியையும் எழுதி அடுத்த நாளே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். வங்கிச் சீட்டையும் குரல்பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது அவற்றைத்தான் கேட்பார்கள்.